நெசமா விழுந்த ஆளு

— சிரிக்காத புள்ள, நெசமாத்தேன் சொல்றேன். படத்துல நான் குதிக்கிற எடம் வந்ததும் அம்புட்டுப் பேரும் பெஞ்சு மேல ஏறி நின்டாய்ங்க. முறுக்கு விக்கிறவன் தட்டக் கீழ வச்சுட்டு விசிலடிக்கிறான்.

— ம்க்கும். மேட்னிக்குப் போயிட்டு வந்தா நாலு நாளைக்கு இதே பாட்டு. சோத்தப் போடவா, இல்ல விசிலு சத்தத்துலயே வயிறு ரொம்பிருச்சா?

— போடு, போடு. ஒச்சாயி, நீயும் ஒரு தடவ வந்து பாரேன். பிலிமெல்லாம் கோடு விழுந்து மழ பேயுற மாதிரி இருக்கு. ஆனா பழங்காநத்தத்துக் கொட்டாயில ஓட்டுனா இன்னமும் டிக்கெட் கெடைக்க மாட்டேங்குது. ஏன்னு நெனைக்கிற?

— வேற படம் கெடச்சிருக்காது.

— கூறுகெட்டவளே. அழகுமல அண்ணன் எடுத்ததுல மொத மூணுந்தேன் படம். அப்ப கையில காசில்ல. கேமரா வாடகைக்கு. பிலிமு கொஞ்சூண்டு. ஒரு தடவ எடுத்தா எடுத்ததுதேன். வில்லனோட ஆளுக மொத்தமே நாலு பேரு. செத்தவனே மீசைய மாத்திக்கிட்டு அடுத்த தெருவுல வந்து நிப்பான். ஹீரோவுக்குப் பதிலாவும் நாந்தேன் ஓடுனேன், அவன வெரட்டுற ரவுடியாவும் நாந்தேன் ஓடுனேன். என்னய நானே வெரட்டுனேன்டி!

— புடிச்சீகளா?

— நக்கலப் பாரு. அதுலதேன் ருசியே இருக்கு. அடிச்சா நெசமாவே அடி. விழுந்தா நெசமாவே விழுகணும். பாக்குறவனுக்கு அது தெரியும் புள்ள. அடிவயிறு பிசையும். இப்ப எடுக்குறாரே கலருல, காரு பறக்குது, கண்ணாடி சில்லு சில்லாத் தெறிக்குது. எவனுக்காவது வயிறு பிசையுதா? கொட்டாவி விடுறாய்ங்க.

— பாக்குறவனுக்கு வயிறு பிசையணும்னு எம் புருசன் இடுப்ப ஒடச்சாராக்கும்.

— அது லாரிக்காரன் செஞ்ச வேல. ரைஸ்மில்லு தகரக் கூரையிலருந்து நான் கால எடுத்துட்டேன். கீழ வைக்கோல் லாரியில அவன் ஆக்சிலேட்டர ஒரு மிதி அதிகமா மிதிச்சுட்டான். வைக்கோலுக்குப் பதிலாத் தார் ரோடு.

— அந்த விழுந்ததத்தான் படத்துலயும் வச்சிருக்காக.

— பின்ன? வேற பிலிம் இல்லையே.

— அதுக்குத்தான் நான் வரல. எம் புருசன் இடுப்பு ஒடியிறதுக்குக் கூட்டமே விசிலடிக்கும். நான் நடுவுல ஒக்காந்து முறுக்குத் திங்கணுமா?

— அந்த விசிலு எனக்குன்னு அடிச்சாத்தேன் பரவால்லையே! மூஞ்சியத் திருப்பிக்கிட்டுல்ல குதிச்சேன். பக்கத்துல இருந்த பய, 'என்னமா விழுகுறான்டா ஹீரோ'ங்குறான். 'தம்பி, அது ஹீரோ இல்ல, பேயாண்டி. நாந்தேன்'னேன். 'யோவ், கம்முன்னு படத்தப் பாருய்யா'ன்னுட்டான்.

— எட்டு மாசம் படுக்கையில கெடந்தது ஹீரோ இல்ல, பேயாண்டின்னு எனக்குத் தெரியும். மூத்திரச் சட்டி எடுத்தவ நான்தான.

— சரி, அத விடு. நாளைக்கிக் காலையில அந்த வெள்ளச் சட்டைய எடுத்து வையி.

— எதுக்கு?

— முந்தாநேத்தே சொன்னேன்ல? திருநகர்ல அண்ணனுக்குச் சூட்டிங்கு. ஏதோ பெரிய பங்களாவாம். கப்பலூரு கம்பெனியில லீவு சொல்லிட்டேன்.

— சட்டைய நனச்சுப் போட்டேனே.

— எப்ப?

— நீங்க படத்துக்குப் போன பெறகு.

— நேத்துத்தான தொவச்ச?

— அழுக்கு என்ன நாள் பாத்தா வருது?

— போகுது. காக்கிச் சட்டையோட போறேன். அவருக்குத் தெரியாத கோலமா நமக்கு? மூணு படமும் கிழிஞ்ச சட்டையோடதேன் குதிச்சேன்.

— போகாதீக மாமா.

— ஏன்?

— கூப்புடாத எடத்துக்கு எதுக்குப் போகணும்? 'அவரே ஆளனுப்பட்டும், நானாப் போயி வாசல்ல நிக்க மாட்டேன்'னு இத்தன வருசமா மீசைய முறுக்குனது யாரு?

— நாந்தேன். இப்ப ரோசத்த விட வயித்தெரிச்சல் பெருசா இருக்கு. போஸ்டரு பாத்தியா? 'சண்டைப் பயிற்சி காளை'. எம்புட்டுப் பெரிய எழுத்து! சிவகாசிப் பக்கமிருந்து வந்த பய. நான் விழுகுற எடத்துல சாக்கு விரிக்க நின்டவன். அதையும் நேரா விரிக்கத் தெரியாது. இன்னைக்கி அவனுக்கு மெட்ராசுல காரு, கூலிங்கிளாசு. அண்ணன் தோள்ல கையப் போட்டு போட்டோ வேற. அது என் எடம்டி. அதப் பாக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள்ள கங்கு போட்ட மாதிரி இருக்கு.

— ஒங்களுக்கு இப்பத்தான் கங்கு. எனக்குக் கழுத்துல தாலி ஏறுனதுலருந்து.

— ஒனக்கென்னடி?

— பொண்ணு பாக்க வந்தீக. காப்பிய ஒரு வாய் குடிச்சீக. தெருவுல அழகுமல அண்ணன் சைக்கிள் மணிய அடிச்சாரு. டம்ளர வச்சுட்டு எந்திரிச்சு ஓடுனீக. மாப்ளைக்கு வயித்தக் கலக்குது போலன்னு எங்கய்யா கொல்லப்பக்கம் கதவத் தொறந்து விட்டாரு.

— அன்னைக்கி வெளிச்சம் போயிருமேன்னு அண்ணன்...

— கல்யாணமாகி மறுவீடு போகல, அதுக்குள்ள பாலத்துலருந்து குதிக்கப் போயிட்டீக. காச்சல்ல பொலம்புனப்பகூட 'அண்ணே ரெடி, அண்ணே ரெடி'தான். எம் பேரு ஒரு தடவ வாயில வரல. சக்களத்தின்னா மயிரப் புடிச்சுச் சண்ட போடலாம். மீச வச்ச ஆம்பளையோட நான் எப்பிடி மல்லுக்கட்டுறது?

— அடி ஆத்தி! இதென்ன புதுக் கத?

— பழைய கததான். நாலு முருங்கக்கா பறிச்சுத் தாங்கன்னா 'கெள முறிஞ்சிரும் புள்ள'ன்னீக. அவரு ஒத்தக் கையத் தூக்குனாத் தகரத்துலருந்து குதிக்கிறீக.

— முருங்க மரத்துல ஏறுனா எவன்டி படம் புடிக்கிறான்?

— அதான. நான் பாத்தா ஒங்களுக்குப் பத்தாது.

— கோவிச்சுக்காத. இங்க பாரு, நான் சான்ஸ் கேக்கப் போகல. இந்த இடுப்ப வச்சுக்கிட்டு இனி என்னத்தக் குதிக்க? ஒரே ஒரு கேள்வி கேக்கணும். கட்டுப் போட்டுக் கெடந்தப்ப ஒரு எட்டு வந்து பாக்கலையே, ஏன்? ஒரு ஆளக்கூட அனுப்பலையே, ஏன்? அதுக்குப் பெறகு மதுரப் பக்கம் ஒரு சூட்டிங்கூட வைக்கல. இப்பத்தேன் மொத மொறையா வாராரு. காசு வந்ததும் சொந்த மண்ணு கசந்துருச்சான்னு கேக்கணும்.

— பெரிய மனுசருக்கு ஆயிரம் சோலி இருக்கும்.

— பெரிய மனுசரு! அவரு பேட்டிய எங்க போர்மேன் வாசிச்சுக் காட்டுனாரு. 'ஏன் சார் முன்ன மாதிரி நெசச் சண்ட எடுக்குறதில்ல'ன்னு கேட்டிருக்காய்ங்க. 'இனிமே எந்த மனுசனையும் நெசமாக் குதிக்க விடமாட்டேன்'னாராம். சொல்லிட்டுக் கண்ணு கலங்கிட்டாராம்.

— கலங்குனாரா?

— நடிப்புடி! ஒடஞ்சவன் இங்க நொண்டிக்கிட்டுத் திரியுறான், அவரு அங்க பத்திரிகைக்காரன் முன்னால கண்ணீரு விடுறாரு. ஏன், நீ எதுக்கு மூஞ்சிய அப்பிடி வச்சிருக்க?

— ஒண்ணுமில்ல. மோரு ஊத்தவா?

— போதும். சைக்கிளத் தொடச்சு வச்சுட்டு வாரேன்... ஏய். ரெண்டு டயர்லயும் காத்தில்ல.

— அப்பிடியா?

— மத்தியானம் கல்லு மாதிரி இருந்துச்சே. ஒச்சாயி, இங்கிட்டுத் திரும்பு. நீதான புடுங்கி விட்ட?

— ஆமா.

— அடிப்பாவி! சட்டைய நனச்சது, காத்தப் புடுங்குனது... இம்புட்டுப் பொறாமையா ஒரு மனுசன் மேல? திருநகரு என்ன தேசாந்தரமா? நொண்டிக்கிட்டே நடந்து போவேன்டி நான்.

— மாமா, ஒங்க கால்ல விழுகுறேன். போகாதீக.

— எந்திரி. எந்திரிங்குறேன்ல? இதென்ன கூத்து? எதுக்கு இந்த அழுக? அவரு என்ன என்னய அடிக்கவா போறாரு?

— பயந்துருவாரு.

— யாரு?

— அவருதான். ஒங்களப் பாத்தா.

— என்னயப் பாத்து அவரு எதுக்குடி பயப்படணும்?

— அவரு ஆளனுப்பாம இல்ல மாமா. அனுப்புனாரு. நீங்க கட்டு மாத்தப் போயிருந்த அன்னைக்கி ஒருத்தன் வந்து வாசல்ல நின்டான். 'பேயாண்டி எந்திரிச்சாச்சா? அடுத்த படத்துக்கு அவருதான் வேணும்னு டைரக்டரு சொல்லிவிட்டாரு'ன்னான்.

— எங்கிட்ட ஏன் சொல்லல?

— சொன்னா அந்தக் கட்டோடயே எந்திரிச்சுப் போயிருப்பீகள்ல.

— போயிருப்பேன்தேன். அவன்கிட்ட நீ என்ன சொல்லி அனுப்புன?

— மொதல்ல உள்ள வாங்க மாமா.

— ஒன்னத்தேன் கேக்குறேன். என்னடி சொன்ன?

— மறு வாரம் அவரு, கூடப்பொறந்த அண்ணன் மொறைக்கு, எனக்கு வெள்ளக் கோடிச் சேலை எடுத்து அனுப்பிட்டாரு.