மணி அடிக்காத பெட்டி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு எனக்கு எப்போதும் நோபல் பார்க்கில், தங்கை கமலினியின் வீட்டில்தான். மெல்பேர்ணில் எனக்கு வேறு சொந்தம் இல்லை.

என் கூட்டாளி நித்தியானந்தன் விசாரணையில் உங்களிடம் சொன்னதெல்லாம் சரி, ஐயா. கம்பனியை நாங்கள் இருவரும் எழுபத்திரண்டில், அவனுடைய கராஜில் தொடங்கினோம். அவன் எஞ்சினியர். பேசுவதும் முதலீடு திரட்டுவதும் என் வேலை. தூங்கும் கைக்குழந்தையின் மூச்சு நின்றால் மணி அடிக்கிற ஒரு பெட்டியைச் செய்தோம்.

விற்றது கொஞ்சம்தான். ஆனாலும் கொலின்ஸ் தெரு முதலீட்டாளர்கள் எங்கள் கம்பனியை வாங்க, ஒரு பெரிய தொழிற்சாலைக்குக் கொடுக்கும் விலையைச் சொன்னார்கள். அது அநியாய விலை என்று நான் நினைக்கவில்லை. இப்படியான கம்பனியை வாங்குகிறவர்கள் இன்றைய வியாபாரத்தை வாங்குவதில்லை. இனிப் பிறக்கப்போகும் குழந்தைகளை எண்ணித்தான் வாங்குகிறார்கள்.

கமலினிக்கு மகள் பிறந்தபோது முதல் பரிசு என்னுடையது. பெட்டியைத் தொட்டிலில் நானே பொருத்திக் கொடுத்தேன்.

"இனி நான் பயமில்லாமல் குசினியிலை சமைச்சுக்கொண்டு நிக்கலாம், என்ன அண்ணா?" என்றாள்.

"ஓம்," என்றேன். அன்று அது பொய்யில்லை.

மெல்பேர்ணின் ஜூலைக் குளிரில் நித்தியானந்தன் வந்தான். "அண்ணை, ஹீட்டருக்குக் கிட்ட வைச்சால் பெட்டி சூடாகுது. லைட் எரியுது, மூச்சு நிண்டாலும் மணி அடிக்குதில்லை. வித்ததெல்லாத்தையும் உடனை திருப்பி எடுக்கவேணும்."

"கையெழுத்து முடியட்டும். பிறகு எடுப்பம்."

அந்த ஞாயிறும் போனேன். குழந்தையின் அறையில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. பெட்டியின் பச்சை விளக்கைப் பார்த்தேன். கழற்றினால் கமலினி ஏன் என்று கேட்பாள். அவள் கணவன் சிவபாலனோடு வேலை செய்பவர்களும் எங்கள் பெட்டியை வாங்கியிருந்தார்கள். பேச்சு பரவும். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்து சாப்பிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் சிவபாலன் தொலைபேசியில் அழைத்தான். நான் போனபோது கமலினி குழந்தையை மடியிலிருந்து இறக்கவில்லை. பெட்டியில் விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது. யாரும் பார்ப்பதற்குள் பிளக்கைப் பிடுங்கினேன். பிறகு குழந்தையை வாங்கி வைத்திருந்தேன். பால் வாசம் இன்னும் போகவில்லை. ஐயா, நான் அழுதது நடிப்பில்லை.

வெள்ளிக்கிழமை காலை செத்தவீடு முடிந்தது. பின்னேரம் கொலின்ஸ் தெருவில் கையெழுத்திட்டேன். சொன்ன விலையில் அவர்கள் எதையும் குறைக்கவில்லை.

அடுத்த கிழமை கமலினி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணா, பிளக் கழண்டு கிடந்ததாமே. விளக்குமாத்தாலை அறை கூட்டேக்கை நான்தான் தட்டிவிட்டனோ?"

"இருக்கும், பிள்ளை," என்றேன்.

நீங்கள் அதைக் கொடுமை என்கிறீர்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் ஒரே கிழமையில் மகளோடு அண்ணனையும் இழந்திருப்பாள். அவள்மேல் அவ்வளவு பாசம் வைத்திருக்கும் நான், அதை எப்படிச் செய்வேன்?