பதினோரு குஷானக் காசுகள்

தேநீரில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். உங்கள் காவலர் மறந்துவிட்டார். குடித்துவிட்டேன், ஒன்றும் ஆகாது. சுற்றிலும் கரும்பு விளைகிற கச்சிராயபாளையத்தில் சர்க்கரை வேண்டாம் என்பவனை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

என் பெயர் இளஞ்செழியன். வயது அறுபத்திரண்டு. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் முப்பத்தோரு வருடம் வரலாறு நடத்தினேன். கல்வராயன் மலை அடிவாரத்தில் அப்பா விட்டுப்போன நான்கு ஏக்கர் இருக்கிறது. சடையன் செத்தது அங்கேதான்.

அவனைப் பற்றிச் சொல்லுங்கள் என்கிறீர்கள், மேடம். அதற்கு முன்னால் குஜுல கட்பீசஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுதுகிறவர் இதை விட்டுவிட வேண்டாம்.

ஏறக்குறைய இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னால் மத்திய ஆசியாவில் ஐந்து நாடோடிக் குலங்கள் இருந்தன. அதில் ஒன்றான குஷானக் குலத்தின் தலைவன் குஜுலன். மற்ற நான்கையும் அடக்கி அவன்தான் அரசை உண்டாக்கினான். ஆனால் அவன் முதலில் அடித்த செப்புக் காசில் அவன் முகம் இல்லை. காபூல் பக்கம் எப்போதோ ஆண்டு முடித்த ஹெர்மாயோஸ் என்ற கிரேக்க மன்னனின் முகம் இருந்தது. தன் பெயரைப் பின்பக்கம்தான் போட்டுக்கொண்டான். பிறகு ரோமப் பேரரசரின் தலையைப் போல ஒன்றைப் போட்டான். அடுத்து வந்தவன் பெயரே போடவில்லை. ‘மன்னர்களின் மன்னன், பெரும் காப்பாளன்’ என்று பட்டம் மட்டும் இருக்கும். மூன்றாவதாக வந்த வீம கட்பீசஸ்தான் தன் உருவத்தைத் தன் பெயரோடு தங்கத்தில் அடித்தான். இன்னொருவன் முகத்தை வைத்துத் தொடங்கிய வம்சம் அது. குஜுலனை யாரும் மோசடிக்காரன் என்பதில்லை. நிறுவனர் என்கிறார்கள்.

ரோமானியக் காசு தமிழ்நாட்டில் எத்தனையோ இடங்களில் கிடைத்திருக்கிறது. அந்தக் காலத்துக் குஷானச் செம்பும் வணிகர்களோடு இந்த மலையடிவாரம் வரை வந்திருக்க வேண்டும் என்பது என் ஆய்வு. ஒரு கருத்தரங்கில் இதைப் படித்தேன். “குஷானர்கள் உங்கள் ஊர்க் கோமுகி அணையில் குளிக்க வந்தார்களா, ஐயா?” என்று ஒருவர் கேட்டார். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு முடிவு செய்தேன்.

இல்லாத எதையும் நான் உண்டாக்கவில்லை. கிடைத்தே தீர வேண்டியது தாமதமாகிக்கொண்டிருந்தது. கொஞ்சம் முன்னதாகக் கிடைக்கச் செய்தேன். என் சேகரிப்பிலிருந்து பதினோரு காசுகளை எடுத்தேன். ஹெர்மாயோஸ் முகத்தோடு நான்கு, ரோமத் தலையோடு இரண்டு, பெயரில்லாதவனுடையது மூன்று, வீமனுடையது இரண்டு. எல்லாம் செம்பு, எல்லாம் அசல். பழையவை அதிகம் தேய்ந்தும் புதியவை குறைவாகத் தேய்ந்தும் இருக்கும்படி பொறுக்கினேன். ஒரு வணிகனின் பையில் காசுகள் அப்படித்தான் இருக்கும். அந்தப் பொறுக்கலுக்கு மட்டும் இரண்டு வருடம் ஆயிற்று.

என் நிலத்தின் ஓரத்தில் பழைய பானை ஓடுகள் அகப்படும் மேடு ஒன்று இருக்கிறது. அதைத் தோண்டச் சடையனை வைத்தேன். ஐம்பது வயது. சொந்த நிலம் கிடையாது. கிணறு வெட்டுகிறவர்களோடு சுற்றியதால் மண் நன்றாகத் தெரியும். பக்கத்தில் வாய்க்கால் ஓடுவதால் அந்தப் பக்கச் சுவர் ஈரமாக இருந்தது. சொல்லாமலே சவுக்குக் கம்புகளைக் குறுக்கே முட்டுக் கொடுத்து நிறுத்தினான். எட்டடி ஆழம் வந்தது. சென்னையிலிருந்து தமிழ்வேந்தன் என்ற நாணய ஆய்வாளர் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர் வருவதற்கு முந்தின நாள் விடியற்காலையில் நான் போய்க் காசுகளை உள்ளே வைத்து, மேலே கிடந்த மண்ணை அள்ளிப் போட்டு மூடினேன். காலை பத்து மணிக்குச் சடையன் அவற்றை எடுத்தான்.

கையில் வைத்துத் துடைத்தான். வீமன் காசில் காளையோடு ஒரு கடவுள் நிற்பார். “நம்ப ஈசுவரன் மாதிரியே கீறாருங்க” என்றான். சந்தோஷமாக இருந்தது. பிறகு அவன் குனிந்து குழியின் தரையைப் பார்த்தான்.

“ஐயா, நேத்து சாயந்திரம் இந்த எடத்த நான்தான் சுரண்டி வுட்டேன். அப்ப ஒண்ணும் இல்லீங்களே.”

“நீ சரியாப் பாத்திருக்க மாட்ட.”

“கண்ணு நல்லாத்தாங்க இருக்குது. இங்க எல்லாம் கருப்புக் களி. காசு மேல ஒட்டிக்கினு இருக்கறது மேல் மண்ணு, செம்மண்ணு. யாரோ வந்து போட்டு மூடிட்டுப் போயிருக்கானுங்க.” என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “உங்கள ஏமாத்தப் பாக்கறாங்க, ஐயா. நாளைக்கு அந்த ஆபீசரு வந்தா நானே எடுத்துச் சொல்றேன். நீங்க கவலப்படாதீங்க.”

அவனுக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

அவன் செத்தபோது உங்களிடம் முட்டு நழுவிச் சுவர் சரிந்தது என்று எழுதிக்கொடுத்திருந்தேன். சுவர் சரிந்தது உண்மை. முட்டு தானாக நழுவவில்லை. மதியம் சாப்பிட்ட பிறகு, “வாய்க்கால் பக்கம் இன்னும் கொஞ்சம் பாரு” என்று அவனை இறக்கினேன். அவன் குனிந்திருந்தபோது மேலேயிருந்து கடப்பாரையால் இரண்டு கம்புகளைத் தட்டிவிட்டேன். பெரிய பலம் வேண்டியிருக்கவில்லை.

மண் அவனை நெஞ்சுவரைதான் மூடியது.

“ஐயா, காலு மாட்டிக்கிச்சுங்க. கையக் குடுங்க.”

நான் விளிம்பில் உட்கார்ந்தேன். அவனுக்கு உண்மையைச் சொல்வதுதான் மரியாதை என்று பட்டது. காசுகளை வைத்தது நான்தான் என்றேன். ஏன் என்றும் சொன்னேன். குஜுலனைப் பற்றிக்கூடச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான். என் மாணவர்கள் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

“எனக்கு இன்னாங்க தெரியும் அதெல்லாம்” என்றான் கடைசியில். மூச்சு வாங்கியது. “நீங்க போட்டீங்கன்னா எதுனா காரணம் இருக்கும். நான் யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். ரங்கம்மாகிட்டகூடச் சொல்ல மாட்டேன். மொதல்ல கையக் குடுங்க, ஐயா.”

நான் அவனை நம்பினேன், மேடம். சடையன் சொன்னால் சொன்னதுதான். சாகும்வரை வாயைத் திறந்திருக்க மாட்டான். ஆனால் என் முப்பது வருட உழைப்பு அவன் எனக்குப் போட்ட பிச்சையாக ஆகியிருக்கும். வரப்பில் எதிரே வரும்போதெல்லாம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பான். அவன் தயவில் நான் நடந்துபோவேன். அதை ஏற்க முடியாது. மேல் விளிம்பில் ஏற்கெனவே வெடிப்பு விட்டிருந்தது. அதில் கடப்பாரையை இறக்கி நெம்பினேன். இரண்டாவது சரிவு அது. பிறகு ஊருக்குள் ஓடிப்போய் ஆட்களைக் கூப்பிட்டேன்.

அவன் மனைவி ரங்கம்மாள் வந்தாள். அழுவதற்கு முன்னால், “அந்தாளு முட்டுக் குடுக்காத குழிக்குள்ள எறங்கவே மாட்டாருங்களே” என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். அவளுக்காக என்னால் ஆனதைச் செய்தேன். பிறகு நான் எழுதிய கட்டுரையில் அந்தக் கண்டெடுப்புக்குச் ‘சடையன் குவியல்’ என்று பெயர் வைத்தேன். மண் சுமக்கிற எத்தனை பேருக்கு அப்படி ஒரு இடம் கிடைக்கும்?

அதோடு எல்லாம் சரியாகப் போயிருக்கும். போன மாதம் தமிழ்வேந்தனின் அறிக்கை வந்தது. காசுகள் அசல்தான், ஆனால் ஒட்டியிருந்த மண் வேறு, யாரோ வைத்தவை என்று எழுதியிருந்தார். அதுவரை சரி. அடுத்த வரி இப்படி இருந்தது: ‘நாணயவியல் அறவே தெரியாத ஒருவர், கைக்கு அகப்பட்ட காசுகளை ஒழுங்கின்றிப் போட்டு மூடியிருக்கிறார், இறந்த தொழிலாளியாக இருக்கலாம்.’

ஊரில் சடையனைத் திருடன் என்று பேச ஆரம்பித்தார்கள். ரங்கம்மாள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். “வூட்ட வுட்டு வெளிய தல காட்ட முடியலீங்க. அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க” என்றாள். நான் உள்ளே போய் அறிக்கையை மறுபடியும் படித்தேன். ஒழுங்கின்றி என்கிறார். தேய்மானத்தைக்கூட அவர் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. இரண்டு இரவு தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் காலை பஸ் பிடித்து உங்களிடம் வந்தேன்.

யாரும் என்னைப் பிடிக்கவில்லை. யாருக்கும் என்மேல் சந்தேகமும் இல்லை. நானாக வந்திருக்கிறேன். ஒரு ஏழையின் பெயர் கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் வந்தேன். வேறு நோக்கம் எதுவும் எனக்கு இல்லை. எந்த நீதிமன்றத்திலும் இதையே சொல்வேன், தலை குனிய மாட்டேன்.

கொடுங்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். மூன்றாம் பக்கத்தில் உங்கள் எழுத்தர் ‘பழைய காசுகள்’ என்று எழுதியிருக்கிறார். அதை அடித்துவிட்டு, ‘பதினோரு குஷானக் காசுகள், ஆட்சி வரிசைப்படியும் தேய்மானப்படியும் தேர்ந்தெடுத்தவை’ என்று எழுதச் சொல்லுங்கள். செத்தவன் பெயரைச் ‘சடயன்’ என்று தப்பாக எழுதியிருக்கிறார். அது அப்படியே இருக்கட்டும், மாற்ற வேண்டியதில்லை.