மேசைக்குக் கீழே வந்த படங்கள்

என் மேசைக்குக் கீழே காலை நீட்ட இடம் இருக்காது, ஐயா. அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடக்கும். அதன் விசிறியிலிருந்து வரும் சூடு ஏசி குளிருக்கு இதமாக இருந்ததால் நான் அதை நகர்த்தவே இல்லை. சோம்பேறித்தனம் என்றும் சொல்லலாம். இந்த விசாரணையில் நீங்கள் கேட்பதும் அதைப் பற்றித்தான். வரிசையாகச் சொல்கிறேன், எனக்கு எதையும் வரிசையாகச் சொன்னால்தான் வரும்.

எங்கள் கம்பெனி, கோப்புகளை அனுப்பும் மென்பொருள் செய்கிறது. சின்ன ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் ஸ்கேன் படங்கள் அதன் வழியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும். அங்கே ஒரு டாக்டர் பார்ப்பார். ஆபத்து ஏதாவது தெரிந்தால் மட்டும் போன் செய்வார். போன் வராவிட்டால் பயமில்லை என்று அர்த்தம்; நோயாளியை நிம்மதியாக இருக்கச் சொல்லிவிடுவார்கள். இந்த ஏற்பாட்டைப் பேசி முடிவு செய்த கூட்டத்தில் நானும் இருந்தேன். தலையாட்டியவர்களில் நானும் ஒருவன்.

என் பங்கு சின்னது. படம் எந்தக் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும் என்ற முகவரியைப் படித்துப் பிரிப்பது. முகவரி ஒரு வீடு என்றால், அதன் பின்னால் வரும் போர்ட் எண் அந்த வீட்டின் கதவு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோலன், மேலும் கீழுமாக இரண்டு புள்ளி. முதல் கோலனைக் கண்டதும் வெட்டு; இடப்பக்கம் வீடு, வலப்பக்கம் கதவு. இவ்வளவுதான் நான் எழுதியது. வலப்பக்கம் வருவது எண்ணாக இல்லாவிட்டால் என்ன செய்வது? எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அப்படி வரும்போதெல்லாம் மென்பொருள் நின்று உயிரை வாங்கியது. எரிச்சலில் ஒரு வரி சேர்த்தேன். முகவரி புரியவில்லை என்றால், என் காலடியில் கிடக்கும் சோதனைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடு. அது எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு, ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் சொல்லும். வேலை முடிந்ததும் எடுத்திருக்க வேண்டிய வரி. எடுக்கவில்லை.

சோதனைப் பிரிவில் ஒரு அக்கா இருக்கிறார். பூதக்கண்ணாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஒருநாள் என் மேசைக்கு வந்தார்.

“தம்பி, புது மாதிரி அட்ரஸ் வருதாமே, உள்ளயே ஏகப்பட்ட கோலன். உன் ஆளு அதை எங்க வெட்டுவான்?”

“அந்த அட்ரஸ் நம்மகிட்ட வந்து சேர்றதுக்குள்ள உங்க பேரன் ரிட்டையர் ஆயிடுவான்க்கா.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். “வாயி, வாயி” என்று என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, சோதனை சரி என்று கையெழுத்துப் போட்டார். என் பேச்சை நம்பித்தான் போட்டார். அது என் வாய்க்கொழுப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர், அக்கா சொன்ன அந்தப் புது மாதிரி முகவரிக்கு மாறியது. ஒரு காலையில் என் காலடியில் விசிறி ஓயாமல் இரைந்தது. டிஸ்க் நிரம்பி வழிந்தது. குனிந்து பார்த்தால் உள்ளே முழுக்க ஸ்கேன் படங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டியவை. முதல் கோலனிலேயே வெட்டி, முகவரி புரியாமல், என் வரி எல்லாவற்றையும் இங்கே திருப்பிவிட்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து அக்கா பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார். அவர் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர். கொஞ்ச காலமாக அவருக்குத் தலைவலி, ஒரு பக்கம் பார்வை மங்கல். டிப்போவில் வண்டியைத் தொடக்கூடாது என்று உட்கார வைத்திருந்தார்கள்.

“போன் வரல தம்பி. வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தேன். ஒண்ணுமில்லையாம், வெறும் தலைவலிதானாம். திங்கக்கிழமைலேருந்து வண்டி எடுக்கப் போறாரு. எடுத்துக்கோ, ரெண்டா எடு.”

“எங்கக்கா ஸ்கேன் எடுத்தீங்க?”

“நம்ம சாஃப்ட்வேர் வச்சிருக்காங்களே, எங்க வீட்டுப் பக்கத்துல, அங்கதான். பச்சையா ‘வந்து சேர்ந்தது’ன்னு வந்துச்சு பாரு, என் புருஷன்கிட்ட சொன்னேன், இது எங்க பசங்க எழுதினதுன்னு.”

நான் இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கே பிழையைச் சரிசெய்தேன். புது முகவரியைச் சதுர அடைப்புக்குள் எழுதுவார்கள். அடைப்பு முடிந்த பிறகு வரும் கோலனில்தான் வெட்ட வேண்டும். சுலபமான வேலை. ‘சிறு திருத்தங்கள்’ என்று பெயர் கொடுத்து எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு படம்கூட வழிதவறவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருந்தவை பழைய படங்கள். அவற்றை அனுப்பினால் இத்தனை நாள் எங்கே இருந்தன என்று கேட்பார்கள். ஓட்டுநருடையதை மட்டும் சத்தமில்லாமல் அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன், நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆனால் மற்றவர்களுக்கும் வீடு, வாசல், பிள்ளைகுட்டி இருக்கிறதே. தெரிந்தவருக்கு ஒரு நியாயம், தெரியாதவருக்கு ஒரு நியாயம் என்று நடந்துகொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. தவிர, நோயாளிகளின் படங்கள் வெளியாள் கம்ப்யூட்டரில் கிடக்கக்கூடாது என்பது விதி. எல்லாவற்றையும் அழித்தேன்.

அவர் வண்டி எடுக்கப் போனார். ஒருநாள் பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங் மேல் கவிழ்ந்தார். பயணிகள் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. நல்ல ஓட்டுநர். ஸ்கேன் எடுத்த வாரமே ஆபரேஷன் செய்திருந்தால் பிழைத்திருப்பார் என்று, சின்ன ஆஸ்பத்திரியில் இருந்த அசல் படத்தைப் பிறகு பார்த்த பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாராம். மற்ற படங்களுக்கு உரியவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

நீங்கள் முதலில் அழைத்தது அக்காவைத்தான். கையெழுத்து அவருடையது. நேற்று வெளியே பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“நான்தான் சரியாப் பாக்காம கையெழுத்துப் போட்டேன் தம்பி. எம்புருஷனை நானே அனுப்பி வச்சுட்டேன்.”

“உங்க மேல ஒரு தப்பும் இல்லக்கா.”

“நீ ஒருத்தன்தான் அப்படிச் சொல்றே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை, ஐயா. நான் பாவி. அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போன முறை எழுதிக் கொடுத்ததில் ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். எந்தப் படத்தையும் திறந்து பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தேன். ஒன்றைத் திறந்தேன். ஓட்டுநருடையது. ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கலாமே என்றுதான் திறந்தேன். நான் மருத்துவம் படித்தவன் இல்லை. தலைக்குள் ஒரு பக்கமாக, எலுமிச்சம்பழம் அளவுக்கு, வெள்ளையாக ஒன்று இருந்தது. பிஸ்கட் இன்னும் என் வாயில்தான் இருந்தது.

எனக்கே தெரிந்தது, ஐயா. அதனால்தான் அதை முதலில் அழித்தேன்.