கடலா, ஆஸ்பத்திரியா

கொழும்பு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். குருவிட்டவில் ஏறிய தேயிலைத் தோட்டத்து ஆட்கள்.

"ஹோட்டல்ல காசே வாங்க மாட்டாங்களாங்க?" என்று அவள் மறுபடியும் கேட்டாள்.

"வாங்க மாட்டாங்க. கம்பெனி வேலையா ஊர் ஊரா போயி ஒன் தம்பி இந்த ஹோட்டல்காரங்ககிட்டயே தங்கினான்ல? அதுக்கு பொயின்ட்ஸ் சேந்திருக்கு, அதக் காசுக்குப் பதிலா குடுக்கலாமாம். நம்மள தங்கச் சொல்றான்."

"தூங்கினதுக்கா குடுக்கிறாங்க!"

"கொழும்புல அவங்களுக்கு ரெண்டு ஹோட்டல் இருக்காம். எதுன்னு இப்பவே சொல்லணும். ஒன்னுல ஜன்னலத் தொறந்தா கடல்."

"கடலா? நான் பாத்ததே இல்லீங்களே." அவிசாவளை வரும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "மத்ததுல?" என்றாள்.

"அது ஒசரமான கட்டடமாம். நம்ம மக படுத்திருக்கிற ஆஸ்பத்திரிதான் நேரெதிர்ல தெரியுமாம்."

"ராத்திரிக்கு வார்டுல நம்மள விடமாட்டாங்கதானே?"

"விடமாட்டாங்க. நாளைக்கு ஒப்பரேசன் முடிஞ்சாலும் வெளியதான் நிக்கணும்."

"அப்ப அதையே சொல்லுங்க."

அவர் போனை எடுத்து, "மச்சான், ஆஸ்பத்திரி தெரியிறதையே போடுங்க" என்றார்.

அவள் அவர் கையைத் தொட்டாள். "ரூம் லைட்ட அணைக்காம வச்சா, அவளுக்கு அங்கருந்து தெரியுமாங்க?"

"தெரியும்," என்றார் அவர். "அணைக்காம வைப்போம்."