எலிசபெத்தம்மாளின் மஞ்சள் அங்கி

இளம்பெண்ணின் முகம் வரைய, வண்ணம் குழைக்க நகரத்துக் கோழி முட்டைதான் நல்லது, ஐயா. நாட்டுப்புறக் கோழியின் கரு சிவந்திருக்கும். வரைந்த முகத்துக்கு வயதாகிவிடும். என் மகள் நன்னாவைப் பார்த்து மாதாவின் முகத்தை வரைந்தபோது, சியன்னா சந்தையில் தேடித் தேடி முட்டை வாங்கினேன்.

கருவுற்ற மாதா, முதிய வயதில் கருவுற்ற எலிசபெத்தம்மாளைப் பார்க்க வந்து கைகோத்து நிற்கும் படம் அது. பால்டோ பிரபு தன் வீட்டுச் சிற்றாலயத்துக்காகக் கேட்டிருந்தார். முடிந்ததும் வந்து பார்த்தார். அவர் மனைவி தெஸ்ஸா அப்போது மாசமாக இருந்தாள்.

"யாரு, உன் மகளா? சந்தையில வெங்காயம் விக்கிறவள நான் முட்டி போட்டுக் கும்பிடணுமாக்கும். சுரண்டிட்டு என் பெண்டாட்டி மூஞ்சிய வை," என்றார்.

என் கையாலேயே சுரண்டினேன். தெஸ்ஸாவின் முகத்தை வரைந்தேன். அதற்குப் பிறகு செய்ததை ஆத்திரத்தில் செய்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதாதீர்கள். நான் நிதானமாகத்தான் இருந்தேன்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிள்ளைத்தாய்ச்சிகள் படத்தில் எலிசபெத்தம்மாளின் வயிற்றில் ரொட்டித் துண்டைத் தேய்த்துத் தின்பார்கள், சுகப்பிரசவம் ஆகட்டும் என்று. அம்மாளின் அங்கிக்கு அரிதாரம் என்னும் மஞ்சள் கல்லை அரைத்து மறுபடி பூசினேன். அதைவிட நல்ல மஞ்சள் கிடையாது. அது நஞ்சு, தூரிகையை வாயில் வைக்காதே என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். முட்டைக்கருவில் குழைத்தால் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். வயிற்றுப் பகுதிக்கு மட்டும் வெறும் தண்ணீரில் குழைத்தேன்.

தெஸ்ஸா தினமும் வந்தாள். ரொட்டியில் மஞ்சள் ஒட்டியதைக் கண்டு, அம்மாள் அருள் தருகிறாள் என்று பூரித்துப்போனாள். வாந்தியை எல்லோரும் மசக்கை என்றார்கள்.

மாதா அம்மாளைப் பார்க்க வந்த சந்திப்புத் திருநாளன்று ஊர்ப் பெண்களுக்கும் கதவு திறப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் திறந்தவர் பால்டோ, நான் அல்ல. படத்தருகே மெழுகுவத்தி பிடித்து நிற்பது வரைந்தவனின் கடமை. நின்றேன். வரிசையின் கடைசியில் நன்னா வந்தாள், நிறைமாதக்காரி.

"என்னப்பா, என் மூஞ்சிய அழிச்சிட்டாங்கன்னு இன்னும் உம்முன்னு இருக்கீங்களா? விட்டுத் தள்ளுங்க. எனக்கு எலிசபெத்தம்மாவோட அருள் போதும்," என்று சிரித்தாள். கையில் ரொட்டி இருந்தது.

வாயைத் திறந்திருந்தால் அப்போதே படத்தை இறக்கியிருப்பார்கள். தெஸ்ஸா பிழைத்துக்கொண்டிருப்பாள். உருகிய மெழுகு விரலில் வழிந்தது. நன்னா அழுத்தித் தேய்த்தாள்; சின்ன வயதிலிருந்தே எதையும் திருத்தமாகச் செய்கிறவள். மென்று விழுங்கும்வரை வெளிச்சம் அசையாமல் பார்த்துக்கொண்டேன்.

தெஸ்ஸாவை முதலில் புதைத்தார்கள். பிறகு அந்த வரிசையில் நின்ற சிலரை. நேற்று நன்னாவை. எல்லாம் நான் செய்ததுதான், மறுக்கவில்லை. காரணத்தை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

என் மகளுக்காகச் செய்தேன்.