சண்டைக்கு நடுவில் மருந்து கொடுக்கக் கூடாது

இந்த அறையின் மின்விசிறி சத்தமே போடுவதில்லை. யாரோ பொறுப்பாக எண்ணெய் விட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பது ஓடினால் இரண்டு பேர் கத்திப் பேச வேண்டும். மாற்றிவிடலாம் என்றால் தங்கை விடமாட்டாள். "அது பாட்டுக்குப் புலம்பட்டும்ணா. நீதான் பேசமாட்டேங்கிற, அதாவது பேசுதே" என்பாள்.

எங்கிருந்து ஆரம்பிக்க என்று யோசித்தேன், மேடம். விளையாட்டிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். மாலை முறை. அவள் வரும்வரை நாங்கள் இருவரும் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். வீடு காலி செய்துகொண்டு போன ஒருவர் டிவியில் மாட்டி விளையாடும் ஒரு பெட்டியையும் சில விளையாட்டுகளையும் எங்களிடம் தள்ளிவிட்டுப் போனார். எல்லாம் ஜப்பான் விளையாட்டு. ஒரே தொடரின் பல பாகங்கள். நாலு பேர் ஊர் ஊராக நடப்பார்கள், வழியில் பூதங்களோடு சண்டை போடுவார்கள், கடைசியில் ஒரு ராஜாவைக் கொல்வார்கள். எழுத்து ஒன்றும் எங்களுக்குப் படிக்க வராது. எந்தச் சொல்லை அழுத்தினால் என்ன நடக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம்.

நாலு பேரில் வெள்ளை அங்கி போட்ட பெண் ஒருத்தி. மருந்து போடுபவள். தங்கைக்கு அவளைப் பிடிக்கும். பெயர் வைக்கும் பலகையில் பார்க்க அழகாக இருந்த இரண்டு எழுத்துகளை எடுத்து அவளுக்கு வைத்தாள். அதற்கு வாலு என்று அர்த்தம் என அவளே முடிவு செய்தாள். வீட்டில் தங்கையை வாலு என்றுதான் கூப்பிடுவோம்.

மற்ற பாகங்களில் எதிரியைக் கொன்றால் ஆள் வளர்வான். இரண்டாம் பாகம் அப்படி இல்லை. அதில் எதைச் செய்கிறோமோ அதுதான் வளரும். வாள் வீசினால் வாள் வளரும். அடி வாங்கினால் உயிர் வளரும். வெள்ளை அங்கிக்காரி பின்வரிசையில் நிற்பாள், அவள் மேல் அடியே விழாது. அதனால் அவள் உயிர் கூடவே கூடாது. அடுத்த ஊருக்குப் போனதும் முதல் அடியில் விழுந்துவிடுவாள்.

இதற்கு வழி உண்டு. நம் ஆளை நாமே அடிக்கலாம்.

"ஏண்ணா என்னையே அடிக்கிற? எதிரி அந்தப் பக்கம்ல நிக்கிறான்."

"நீ வளரணும்ல."

"நான் சோறு தின்னு வளந்துக்கிறேன். நீ அவனை அடி."

நான் கேட்கமாட்டேன். சப்பையான எதிரி ஒன்றை உயிரோடு நிற்க வைத்துவிட்டு, எங்கள் வாள்காரனை விட்டு அவளை அடிப்பேன். கவசம் போட்டிருந்தால் அடி உறைக்காது என்பதால் முதலில் கவசத்தைக் கழற்றுவேன். லேசான அடிக்கு உயிர் கூடாது என்பதும் புரிந்தது. விழுந்துவிடுவாளோ என்று நமக்கே பயம் வரும் அளவுக்கு அடி விழ வேண்டும். முக்கியமான இன்னொன்றும் உண்டு. உயிர் எவ்வளவு குறைந்தது என்பதை ஆட்டம் சண்டை முடியும்போதுதான் பார்க்கும். இரக்கப்பட்டு நடுவில் மருந்து போட்டால் வாங்கிய அடியெல்லாம் வீண். நான் ஒரு தடவைகூட நடுவில் போட்டதில்லை. கடைசி ராஜாவிடம் போனபோது எங்கள் ஆட்களில் நிமிர்ந்து நின்றவள் அவள் ஒருத்திதான். வாலு நாற்காலி மேல் ஏறிக் குதித்தாள். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். என் வழி பலித்தது.

அம்மா போன பிறகு எங்களுக்கு வேறு யாரும் இல்லை. நான் பிஸ்கட் ஆலையில் பொதி கட்டும் பிரிவில் சேர்ந்தேன். வாலு படித்து முடித்து ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்தாள். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் ஏதோ மிட்டாய் கொடுத்தாள். அதில் வேர்க்கடலை இருந்திருக்கிறது. அது வாலுவுக்கு ஆகாது என்று அன்றுதான் தெரிந்தது. இறங்கும் நிறுத்தம் வருவதற்குள் அவள் முகம் அடையாளம் தெரியாமல் போய்விட்டது. தொண்டை அடைத்துவிட்டது. ஓட்டுநர் பஸ்ஸை நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டதால் பிழைத்தாள். அந்த ஓட்டுநர் இருக்கும் திசைக்கு நான் இன்றும் கும்பிடு போடுவேன்.

டாக்டர் தினமும் போட ஒரு மாத்திரையும், ஆபத்துக்கு ஒரு ஊசியும் கொடுத்தார். ஊசி பேனா மாதிரி இருக்கும். தொடையில் குத்தினால் போதும். மேசை இழுப்பறையில் வைத்தோம். அதற்குப் பிறகு நான் கண்கொத்திப் பாம்பாக அவளைக் கவனித்தேன். வேர்க்கடலை பொதியும் வரிசைப் பக்கம் போன நாள்களில் வாசலிலேயே சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவேன். அவள் தின்னும் ஒவ்வொன்றின் உறையையும் நான் படித்த பிறகுதான் அவள் வாய்க்குப் போகும். யாரும் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

பிறகு அவளுக்குக் கடல் தாண்டி ஒரு வேலை கிடைத்தது. அங்கே விடுதி. பத்துப் பெண்களுக்குப் பொதுவான சமையலறை. யார் எதைக் கிண்டிய கரண்டியை எதில் போடுவார்கள் என்று யார் பார்ப்பது?

"நான் பாத்துக்கிறேண்ணா. எனக்கும் படிக்கத் தெரியும்."

"கரண்டில எழுதியிருக்காது."

"அப்ப கரண்டியே பிடிக்காத ஆளாப் பாத்துக் கூட்டாளி வெச்சுக்கிறேன். சரியா?"

அவளுக்கு எல்லாம் விளையாட்டு. எனக்குத் தூக்கம் போயிற்று. அவளைப் பின்வரிசையிலேயே நிற்க வைத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. அடியே விழாமல் வளர்த்துவிட்டேன். அடுத்த ஊருக்குப் போனதும் விழுந்துவிடுவாள்.

நான் குருட்டாம்போக்கில் இறங்கவில்லை, மேடம். டாக்டரிடம் போய்க் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சை உண்டு என்றுதான் அவரும் சொன்னார். "ஆனா அதை ஆஸ்பத்திரில வெச்சு, அளந்து, பக்கத்துல ஆள் இருந்து செய்யணும். உங்க தங்கச்சிக்கு இழுப்பு வேற இருக்கு. அவங்களுக்கு ஒத்துவராது. நினைக்கவே வேண்டாம்" என்றார். அவர் சொன்னதில் பாதி என் பக்கம்தான். நான் அளப்பேன். பக்கத்தில் ஆளும் இருப்பேன்.

ஆலையிலிருந்து வேர்க்கடலைப் பொடியைச் சின்னக் குப்பியில் கொண்டுவந்தேன். முதலில் குண்டூசித் தலை அளவு, காலைப் பாலில். அவள் உதட்டைச் சொறிந்துகொண்டு உதட்டுச்சாயத்தைத் திட்டினாள். அதைத் தூக்கிப் போட்டாள். அடுத்த வாரம் கழுத்தில் தடிப்பு வந்தது. தலையணையைத் தூக்கிப் போட்டாள். பக்கத்து வீட்டுப் பூனைக்குச் சோறு வைப்பதை நிறுத்தினாள். அது வாசலில் வந்து கத்தும். இவள் ஜன்னலுக்கு உள்ளே நின்று, "என்னை மன்னிச்சிருடா, நீ எனக்கு ஆகலையாம்" என்று அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பாள். அப்போது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆட்டத்தில் அவளை அடிக்கும்போதெல்லாம் அந்த நாளிலும் அப்படித்தான் இருக்கும்.

ஒரு கட்டத்துக்கு மேல் உறைக்கவில்லை. அவள் தினமும் போடும் மாத்திரைதான் தடுக்கிறது என்று தெரிந்தது. அதே நிறத்தில், அதே பருமனில் சத்து மாத்திரை கிடைக்கிறது. புட்டியில் அதைப் போட்டு வைத்தேன். கவசம் கழன்றது. பொடியையும் கொஞ்சம் கூட்டினேன்.

அவளுக்கு மூச்சு இழுக்கும்போது நான் பக்கத்திலேயே இருந்தேன். "மாத்திரை எங்கண்ணா?" என்பாள். தேடுவது போல் தேடுவேன். அலமாரியைத் திறந்து மூடுவேன். அந்த நேரம்தான் முக்கியம். தானாக அடங்கும்வரை பார்த்துவிட்டு, அடங்கிய பிறகு எடுத்துக் கொடுப்பேன். ஒவ்வொரு தடவையும் அடங்கியது. ஒவ்வொரு தடவையும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லன்னா நான் போய்ச் சேர்ந்திருப்பேன்" என்பாள்.

அவள் இளைத்தாள். எதைத் தின்னவும் பயந்தாள். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் பார்ப்பாள். "என் வாயை நினைச்சா எனக்கே பயமா இருக்குண்ணா. நான் அந்த வேலைக்குப் போகல. எழுதிப் போட்டுடவா?" என்று ஒருநாள் கேட்டாள். அவசரப்படாதே, பார்க்கலாம் என்றேன். அன்று அவளுக்குப் பிடித்த மாதிரி கஞ்சி வைத்துக் கொடுத்தேன். அதில் ஒன்றும் போடவில்லை. நிம்மதியாகச் சாப்பிட்டாள். சிரித்துப் பேசினாள். அன்றைக்கு நாங்கள் இருவரும் சந்தோஷமாக இருந்தோம்.

கெடுத்தது அவளோடு கிளினிக்கில் வேலை பார்த்த பெண். தடித்த கண்ணாடி போட்டவள். சோடாபுட்டி என்று வாலு வாய் நிறையக் கூப்பிடுவாள். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தாள். நான் அடுப்படியில் நின்றேன். அவளுக்குக் குரலைத் தணிக்கத் தெரியாது, அதோடு மின்விசிறி வேறு.

"ஏண்டி, கிளினிக்ல ஒருநாளாவது உனக்கு வந்திருக்கா?"

"இல்ல."

"என் ரூம்ல ரெண்டு நாள் தங்குன. என் சமையலையே தின்ன. அதைத் தின்னுட்டு நல்லா இருந்தன்னா நீ எதையும் தின்னலாம். வந்துச்சா?"

"வரல."

"வீட்டுலதாண்டி வருது. சுவத்துல பூஞ்சை கீஞ்சை இருக்கும். கிளம்பற வரைக்கும் என்கூட இரு. இன்னைக்கே வா."

"அண்ணன் தனியா இருப்பான்."

"உங்கண்ணன் என்ன கைக்குழந்தையா?"

வாலு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல நாளாகியிருந்தது. அந்தப் பெண் பூஞ்சையைத்தான் சந்தேகப்பட்டாள், என்னை இல்லை. போகும்போது என்னிடம், "சாயங்காலம் வண்டி எடுத்துட்டு வரேங்க அண்ணா. பெட்டியை மட்டும் கட்டி வெக்கச் சொல்லுங்க" என்றாள். சரிம்மா என்றேன்.

சாயங்காலத்துக்குள் என்ன செய்ய முடியும்? மெதுவாக ஏற்ற நாள் இல்லை. பாதி வளர்ந்த ஆளை அப்படியே அனுப்ப என்னால் முடியாது. ஒரே ஒரு பெரிய சண்டைதான் வழி. அது முடிந்தால் அவள் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

பால் கலந்தேன். குப்பியில் இருந்ததை எல்லாம் போட்டேன். வாசனை தெரியாமல் இருக்கச் சாக்லேட் பொடியும் சர்க்கரையும் சேர்த்தேன். இழுப்பறையில் இருந்த ஊசியை எடுத்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதை மறைத்ததாக நீங்கள் எழுதினால் அது தவறு. முடிந்ததும் உடனே குத்துவதற்காகத்தான் கையோடு வைத்திருந்தேன்.

அவள் பெட்டியைக் கட்டி முடித்து, அதன் மேல் உட்கார்ந்து பூட்டிக்கொண்டிருந்தாள். பாலை நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தாள். "கூடப் போட்டுட்டியா, திகட்டுது" என்றாள். வாயைத் துடைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்க? வாரம் தவறாம வந்து உன் துணியெல்லாம் துவைச்சுத் தரேன், போதுமா?" என்றாள்.

முன்பெல்லாம் மெதுவாக வரும். அன்று சடக்கென்று வந்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இழுப்பறையைக் காட்டினாள். நான் போய்த் திறந்து காட்டினேன். அதில் ஒன்றும் இல்லை. அவள் இழுப்பறையைப் பார்த்தாள். என் சட்டைப் பையைப் பார்த்தாள். ஊசியின் மூடி வெளியே தெரிந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

"அண்ணா, ஊசி" என்றாள். குரல் வரவில்லை. உதடுதான் அசைந்தது.

"கொஞ்சம் பொறு. இன்னும் முடியல" என்றேன்.

அவளுக்குப் புரிந்தது. எப்படிச் சொல்கிறேன் என்றால், அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. என்னைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள். கதவைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பக்கமாகத் தரையில் கையை ஊன்றி ஊன்றி நகர்ந்தாள். பலம் இருந்தது. இவ்வளவு பலம் அவளுக்கு முன்பு இருந்ததில்லை. வளர்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு அசைவு நின்றுவிட்டது.

ஆட்டத்தில் விழுந்தவர்களை எழுப்பலாம். நிஜத்தில் முடியாது. அந்த வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும். நான் பைத்தியம் இல்லை, மேடம். டாக்டரை வைத்துப் பார்க்க வேண்டாம். பொடி போட்டவன் நான். மாத்திரையை மாற்றியவன் நான். ஊசியைப் பையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தவன் நான். கையெழுத்துப் போடுகிறேன்.

அவள் பிழைத்திருந்தால் உலகத்தில் எந்த ஊரிலும் தைரியமாகச் சாப்பிட்டிருப்பாள். அவள் போக வேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவர் யாரும் இல்லை. அந்தக் கண்ணாடிக்காரப் பெண் கதவைத் தட்டியபோது நான் ஏன் உடனே திறக்கவில்லை என்று கேட்டீர்கள். எனக்கு ஒரு வேலை மிச்சம் இருந்தது. பெட்டியைப் பிரித்து, அவள் துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.