இடம் காலி

இந்த மேஜையின் ஒரு கால் குட்டை. நீங்கள் எழுதும்போதெல்லாம் ஆடுகிறது. அடியில் ஓர் ஓட்டுத் துண்டை வைத்தால் நின்றுவிடும். வெளியே வண்டி நிறுத்தும் இடத்தின் ஓரத்தைக் காலால் கிளறினாலே ஒன்று கிடைக்கும். அந்த இடத்தை நிரப்பியது நான்தான். முன்பெல்லாம் மழை பெய்தால் உங்கள் வண்டிகள் குளத்தில் எருமை மாதிரி நிற்கும். உங்களுக்கு முன்னால் இந்த ஸ்டேஷனில் இந்த நாற்காலியில் இருந்த இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு, "சீக்கிரமா மேடாக்கிக் குடுப்பா" என்றார். ஆக்கிக் கொடுத்தேன். அடியில் என்ன போட்டாய் என்று அவர் கேட்கவில்லை. யாரும் கேட்டதில்லை. நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள், அதுவும் ஓர் ஆள் செத்த பிறகு.

கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தாளில் இருக்கும் ஒரு சொல்லுக்காகத்தான் நானாகவே வந்தேன். 'அலட்சியம்' என்று எழுதியிருக்கிறீர்கள். லாரி டிரைவரின் அலட்சியத்தால், பள்ளத்தில் நின்றிருந்தவர் இடிபாட்டுக்குள் புதைந்து இறந்தார் என்று. டிரைவரை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் இங்கே வரை கேட்கிறது. அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். என் தொழிலில் அலட்சியம் கிடையாது.

தொழிலைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். புது வீடு கட்டுகிறவனுக்கு ஊரே யோசனை சொல்லும். வாசல் எந்தப் பக்கம், படி எத்தனை, சுவருக்கு என்ன நிறம் என்று சாலையில் போகிறவன்கூட நின்று சொல்லிவிட்டுப் போவான். அங்கே ஏற்கெனவே நின்ற வீடு எங்கே போகிறது என்று ஒருவனும் கேட்க மாட்டான். இடித்ததும் அது மாயமாகிவிட வேண்டும். கான்ட்ராக்டர்களும் அதே ஜாதிதான். தரைக்கு வழுவழுப்பான கல், கதவுக்குப் பளபளக்கும் கைப்பிடி என்று வாரி இறைப்பார்கள். இடிபாட்டை அள்ள வேண்டும் என்றதும் முகம் சுருங்கிவிடும். "அண்ணே, பார்த்துக் கம்மியா முடிச்சுக் குடுங்க" என்பார்கள். கம்மியாக என்றால் எப்படி என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஆசை கிடையாது. தெரியாமல் இருப்பதற்குத்தான் எனக்குக் காசு.

ஊருக்கு வெளியே இடிபாட்டை அரைக்கும் ஆலை இருக்கிறது. கல்லைக் கல்லாக, பொடியைப் பொடியாகப் பிரித்துக் கொடுப்பார்கள். ஆனால் எடைக்குக் கட்டணம், போய்வர டீசல், எல்லாவற்றையும் கலந்து கொண்டுபோனால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். செலவைக் குறைக்க வேறு மந்திரம் ஒன்றும் இல்லை. இடிக்கும்போதே பிரிக்க வேண்டும். முதலில் கதவு, ஜன்னல். பிறகு ஒயர், குழாய். கம்பியை நிமிர்த்திப் பழைய இரும்புக் கடைக்கு. செங்கல்லில் ஒட்டிய காரையைக் கொத்தி எடுத்தால் கல்லை வாங்கிக்கொள்ள ஆள் உண்டு. கான்கிரீட் கட்டிகள் சாலைக்கு அடியில் போகும். மிச்சம் இருக்கும் தூளும் துண்டும் பள்ளமான மனைக்கு. பள்ளத்தை வாங்கிப்போட்டு முழிக்கிறவன் எல்லாத் தெருவிலும் ஒருவன் இருப்பான். இப்படிச் செய்தால் பாதிக்கு மேல் ஆலைக்குப் போக வேண்டியதே இல்லை.

இதெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது செத்துப்போனவன்தான். என் தங்கையின் புருஷன். எங்கள் கூட்டுத்தொழிலில் இடிப்பதும் பிரிப்பதும் அவன், பேசுவதும் கொட்டுவதும் நான். இடம் சுத்தமானதும் கான்ட்ராக்டருக்குப் போன் செய்து "காலி" என்று ஒரு வார்த்தை சொல்வேன். அதனால் எனக்குக் காலி அண்ணன் என்றே பெயர் வந்துவிட்டது.

மாப்பிள்ளைக்குப் பல வருடமாகக் கான்கிரீட் உடைக்கும் மெஷினைப் பிடித்துப் பிடித்துக் காது போய்விட்டது. முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கமும். காதுக்கு மாட்டுகிற அடைப்பான் கேட்டான். வேலை முடியட்டும், வாங்கலாம் என்றேன். வேலை முடிவதே இல்லை, அடுத்தது வந்துவிடுகிறது. கடைசியில் அடைப்பானுக்கே தேவை இல்லாமல் போனது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். மற்றபடி கைதான். சாப்பாட்டின்போது அவன் உள்ளங்கையை உயர்த்திக் காட்டினால் என் தங்கை கரண்டியை நிறுத்திவிடுவாள். வேலையிடத்தில் அதே கையை உயர்த்தினால் மெஷின் நிற்கும். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

இந்தத் தொழிலில் விலை போகாத சரக்கு ஒன்று உண்டு. பழைய தொழிற்கூடங்களின் கூரை. சிமெண்ட் ஷீட் என்பார்கள். சிமெண்ட் என்றதும் யாருக்கும் பயம் வராது. உள்ளே இருப்பது ஆஸ்பெஸ்டாஸ். உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நாராகப் பறக்கும். நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது, பல வருடம் கழித்துத்தான் மூச்சை அடைக்கும். நனைத்து, உடைக்காமல் சுற்றிக் கட்டி, அதற்கென்று இருக்கிற இடத்தில் கொடுக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவைச் சொன்னால் கான்ட்ராக்டர் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். மாப்பிள்ளை ஒவ்வொரு ஷீட்டாக நனைத்து அடுக்கிக் கொடுப்பான். நான் கொண்டுபோவேன். எங்கே கொண்டுபோகிறேன் என்று அவனும் கேட்டதில்லை. சொந்த மச்சானை யார் கேட்பார்கள்?

முழு ஷீட்டுகளை, நாங்கள் வழக்கமாக இடிபாடு கொட்டும் கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளத்தில் கொட்டினேன். அது அவன் கண்ணிலும் பட்டிருக்கும். உடைந்தவற்றைப் பொடியாக்கி நிரப்புச் சரக்கோடு கலந்தேன். அப்படி நிரப்பியதில் ஒன்று, ஒரு மழலையர் பள்ளியின் விளையாட்டு மைதானம். அதை நடத்தும் அம்மா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "குழந்தைங்க விழுந்தா அடிபடக் கூடாது. மெத்துன்னு இருக்கணும். ஆனா செலவை ரொம்ப இழுத்துடாதீங்க" என்றார். பொடி அதற்குத் தோதான சரக்கு. மேலே செம்மண்ணை மெல்லிசாகத் தூவிக் கொடுத்தேன். மெத்தென்றுதான் இருந்தது. திறப்பு நாளில் எனக்குச் சால்வை போர்த்தினார்.

என் தங்கை மகளும் அங்கேதான் படிக்கிறாள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் ஊஞ்சல் பக்கம் செம்மண்ணைக் கொஞ்சம் கூடுதலாகப் போடச் சொன்னேன். மற்ற மாமன்மார்கள் பொம்மை வாங்கிக் கொடுப்பதோடு சரி.

ஒரு நாள் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். குழந்தை தரையில் உட்கார்ந்து வீடு வரைந்துகொண்டிருந்தது. சாக்பீஸ் இல்லை, விரல் நீளத்துக்கு ஒரு சாம்பல் நிறத் துண்டு. தரையில் இழுத்தால் வெள்ளையாகக் கோடு விழுந்தது. மாப்பிள்ளை அதைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தான். முகர்ந்துகூடப் பார்த்தான். காது போனவர்கள் சத்தமாகப் பேசுவார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

"மச்சான், இது எங்க இருந்து வந்துச்சு?"

"தெருவுல கிடந்திருக்கும், மாப்பிள்ளை" என்று உதட்டை நிதானமாக அசைத்துச் சொன்னேன்.

"மாமா, பொய்! எங்க ஸ்கூல்ல நிறைய இருக்கு" என்றாள் குழந்தை. "தோண்டத் தோண்ட வரும்."

அவள் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை. ஆனால் 'ஸ்கூல்ல' என்று என் தங்கையின் உதடு அசைந்ததைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"நான் அடுக்கிக் குடுத்த ஷீட்டு எனக்குத் தெரியாதா? அங்கயா போட்டே?"

"மேல மண்ணு போட்டிருக்கேன்ல."

"மண்ணு என்ன போர்வையா, மச்சான்? புள்ளைங்க கையில வருது. தோண்டி எடுத்துடுவோம். நம்ம செலவுலயே எடுப்போம்."

"ஒரு வாரம் பொறு. பெரிய மில்லு இடிக்கிற வேலை வருது. கையெழுத்து ஆகட்டும்."

"அதுவரைக்கும் மூச்சு விடாதீங்கன்னு புள்ளைங்ககிட்ட நீ போய்ச் சொல்றியா?"

என் தங்கை நடுவில் புகுந்து, "ரெண்டு பேரும் சோத்துலயும் குப்பையைக் கொட்டாதீங்க" என்றாள். இன்னும் கொஞ்சம் பரிமாற வந்தாள். அவன் உள்ளங்கையை உயர்த்தினான். கரண்டி நின்றது.

"நாளைக்கு அந்த அம்மாகிட்டச் சொல்லப் போறேன்" என்றான். "குவாரியில கிடக்கிற ஷீட்டுல ரெண்டை எடுத்துட்டுப் போய்க் காட்டினா நம்புவாங்க."

நியாயமாக யோசித்துப் பாருங்கள். ஒரு மைதானத்தைத் தோண்டினால் அதோடு நிற்குமா? காலி அண்ணன் நிரப்பிய இடமெல்லாம் என்னென்ன என்று கேட்பார்கள். எத்தனை வீடு, எத்தனை கடை, இந்த வாசல் உட்பட. ஊரையே தோண்ட வேண்டியிருக்கும். அவ்வளவு தூசியைக் கிளப்புவது யாருடைய உடம்புக்கு நல்லது? மூடி இருப்பதை மூடியே வைப்பதுதான் பாதுகாப்பு என்று படித்த இன்ஜினியர்களே சொல்வார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு குழந்தையின் கையில் இருந்த துண்டுதான் பெரிதாகத் தெரிந்தது. நல்லவர்களின் குறையே அதுதான், முழுசாகப் பார்க்க மாட்டார்கள்.

மறுநாள் மதியம் குவாரிக்குப் போனேன். மேட்டில் அவன் வண்டி நின்றிருந்தது. கீழே அவன் ஷீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். முதுகு தெரிந்தது. வழக்கம்போல லாரி ஒன்று இடிபாட்டோடு வந்தது. லாரியோடு வரும் கிளீனரை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, பின்பக்கம் நானே நின்றுகொண்டேன். டிரைவருக்குக் கண்ணாடியில் தெரிந்தது நான் மட்டும்தான். "வரலாம், வரலாம்" என்றேன், வந்தான். அவனை வெளியே விட்டுவிடுங்கள். சொன்ன இடத்தில் நிறுத்துவான், சொன்னால் கொட்டுவான், அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

இப்போது அலட்சியம் என்ற உங்கள் சொல்லுக்கு வருகிறேன். எங்களிடம் ஒரு முறை உண்டு. பள்ளத்தில் கொட்டுவதற்கு முன்னால், பின்னால் நிற்கிறவன் மூன்று தடவை "ஆள் இருக்கா?" என்று கத்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் நின்று கேட்க வேண்டும். பதில் குரல் வந்தால் லாரி அப்படியே நிற்க வேண்டும், வராவிட்டால் கொட்டலாம். பழைய இரும்பு பொறுக்க வந்த ஒரு கிழவர் இடிபாட்டில் புதையப் பார்த்த பிறகு வந்த முறை அது. ஏற்படுத்தியவன் மாப்பிள்ளைதான். அப்போது அவனுக்குக் காது கேட்கும். நான் அந்த முறையை ஒரு நாளும் மீறியதில்லை, அன்றும் மீறவில்லை. டிரைவரைக் கேளுங்கள். சாலையில் போன பால்காரரைக்கூடக் கேளுங்கள். எல்லோருக்கும் கேட்கும்படிதான் கத்தினேன்.

கொட்டி முடிந்ததும் கான்ட்ராக்டருக்குப் போன் செய்தேன். "என்ன அண்ணே, ஆச்சா?" என்றார். "காலி" என்றேன். "சூப்பர்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சாயங்காலம் விஷயம் தெரிந்து என் தங்கை ஓடிவந்தாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன், தோளில் சாய்த்துக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவள் எட்டி நின்று கேட்டாள்.

"அண்ணா, கொட்டுறதுக்கு முன்னாடி கூப்பிட்டியா?"

"மூணு தடவை கூப்பிட்டேன்மா."

"எதால கூப்பிட்டே?"

"இது என்ன கேள்வி? வாயாலதான்."

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், துக்கத்தில் இருக்கிறாள். குழந்தையின் படிப்புச் செலவை நான்தான் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லுங்கள். பள்ளியை மாற்ற வேண்டியதில்லை.

உங்கள் பேனா நின்றுவிட்டது. கீழே அவன் இருப்பது எனக்குத் தெரியுமா என்று கேட்கப் போகிறீர்கள். தெரியும் என்றே எழுதிக்கொள்ளுங்கள். காது கேட்காது என்பதும் தெரியும். அது வேறு, முறை வேறு. முறை என்பது ஆளுக்கு ஆள் மாறினால் அப்புறம் அது என்ன முறை?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று பேச்சு வரக் கூடாது. லாரியின் அதிர்வு தரை வழியாக அவன் காலுக்கு எட்டியிருக்க வேண்டும். நான் மூன்றாவது தடவை கூப்பிட்டபோது திரும்பி, நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கக்கத்தில் இரண்டு ஷீட்டுத் துண்டுகள் இருந்தன. இன்னொரு கையை உயர்த்தினான். உள்ளங்கை என் பக்கம் இருந்தது. அதை இறக்காமல் அப்படியே வைத்திருந்தான்.

முறைப்படி நின்று கேட்டேன். சத்தமே இல்லை. குரல் வந்தால்தான் நிறுத்த வேண்டும் என்று ஏற்படுத்தியவனே அவன்தான். கையைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை.